இரு கடல்களின் நடுவே

விடுமுறை வந்ததும் மலைவாசத்தலங்களின் விடுதிக் கட்டணத்தை விசாரிப்பதும், பின்னர் கையிருப்பை எண்ணிப் பார்த்துப் பயணத்தையே கைவிடுவதும் நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கிறது. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை, காண்பதற்குக் காசு கேட்காத காட்சிகள் எத்தனை!

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியில் விரைந்து கடப்பதில் பயனில்லை. 1988இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் ஓரமாக, பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு சிறிது தொலைவேனும் நடக்க வேண்டும். கீழே, 1914இல் திறக்கப்பட்டு 2022 வரை இரயிலைச் சுமந்தது பழைய பாலம். அதனருகே 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலம். பழையதன் நடுப்பகுதி இரு கைகளைப் போல விரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதன் நடுப்பகுதியோ அப்படியே மேலெழுகிறது. பாடநூல் கற்பிக்காத பாடம் இது.

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017இல் நல்ல சாலை வந்தது. அதற்கு முன் மணலிலும் சேற்றிலும் வேன்கள் தத்தளித்துச் செல்லும். சாலையின் இடப்புறம் பாக் நீரிணை. அதனைப் ‘பெண் கடல்’ என்பர். வலப்புறம் மன்னார் வளைகுடா, ‘ஆண் கடல்’. வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பெண் கடலும் சீறும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் ஏனோ மறந்துவிட்டார்கள்! குளிர்காலமாயின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கும். கரைவலை இழுக்கும் நேரமாயின் நின்று பாருங்கள். ஆனால் கயிற்றைத் தாண்டி ஓடப் பிள்ளைகளை விடாதீர்கள். நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்குப் பிழைப்பு.

என் உம்மாவை அங்கு அழைத்துச் சென்றபோது அவர்களுக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. கீழக்கரையில் அலையோசையைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர்கள். கடலைக் கண்டதோ மாடிச் சன்னல் வழியாக மட்டுமே. அவர்களின் வாப்பா தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போய்வந்தவர். ஆண்கள் போவதும் வருவதுமாக இருந்த அந்தத் துறைமுகத்தைப் பெண்கள் பேச்சில்தான் அறிந்திருந்தனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அதனை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வந்த இரயிலையும் கடல் கொண்டது. இடிந்த தேவாலயச் சுவர்களும் இரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன.

முனையில் நின்று உம்மா இருபுறமும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இதுல நம்ம ஊருக் கடல் எது வாப்பா?” என்று கேட்டார்கள். வலப்புறத்தைக் காட்டினேன். அந்தப் பக்கம் போய், முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனையும் அளவுக்கு நீரில் நின்றார்கள். தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர் என்றேன். “அவ்வளவு பக்கமா?” என்றார்கள். அதன்பின் நெடுநேரம் பேசவில்லை.

பேருந்துச் செலவும் கட்டுச்சோறும் தவிர அன்று வேறு செலவில்லை. நீரோட்டம் வலிது, அம்முனையில் நீந்தலாகாது, காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்க. நிழல் கிடையாது, குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. பொழுது சாயுமுன் திரும்பச் சொல்லிவிடுவார்கள்; ஆகவே சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவது நன்று. வீட்டுப் பெண்களை முதலில் வண்டியில் ஏற்றுங்கள்.