வாசலில் நின்ற நாள்

திட்டக்குடிக்கு அருகே, பெருஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், அதை அவர்களும் விரும்பமாட்டார்கள். சென்ற மாதம் அவ்வழியே போனபோது இறங்கி உள்ளே சென்றேன். வாசலில் அதே தண்ணீர்க் குழாய், அதே சோப்பு, அதே குறிப்பேடு. பெயர், வந்த நேரம், காய்ச்சலோ இருமலோ உண்டா என்ற கேள்வி. கைகளைக் கழுவிக்கொண்டு கையொப்பமிட்டேன். கொரோனாவுக்காக அறிவித்திருந்த நெருக்கடி நிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. நம்மில் பலரும் அந்நாட்களை மறந்துவிட்டோம். என்னால் மறக்க இயலவில்லை. ஏனெனில் அந்த வாசலில் ஒருநாள் நான் தடுத்து நிறுத்தப்பட்டேன்.

2020 ஜூலை மாதம். அப்போது அப்பகுதியில்தான் பணியாற்றி வந்தேன். நம் கடலூர் மாவட்டம் அவ்வாண்டு கோடையில் பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமந்தவர்களும் காய்கறி வண்டிகளோடு போனவர்களும் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். மே 4ஆம் நாள் ஒரே நாளில் தமிழகத்தில் கண்டறியப்பட்ட 527 பேரில் 122 பேர் நம் மாவட்டத்தினர். வந்தவர்களுள் பலர் நோயாளிகளாகத் தோன்றவில்லை. காய்ச்சலில்லை, இருமலில்லை, பசியும் களைப்பும்தான் இருந்தன. பரிசோதித்துப் பார்த்தபோதுதான் உள்ளே குடியிருந்தது வெளிப்பட்டது.

இல்லத்தின் தலைமைச் சகோதரி செவிலியர் பயிற்சி பெற்றவர், அதிகம் பேசாதவர். முப்பதுக்கும் மேற்பட்ட முதியோர் அங்கே இருந்தனர். ஓர் அறையில் ஆறு கட்டில்கள். ஒருவருக்குச் சோறூட்டிய கைதான் அடுத்தவருக்கு உடை மாற்ற வேண்டும். ஒருவரைக் குளிப்பாட்டிய கைதான் மற்றவரைத் தூக்கி நிறுத்த வேண்டும். அன்பு தொடாமல் நடக்காத இடம் அது. தொடுகின்ற ஒவ்வொரு முறையும் கிருமிக்கும் வழி திறக்கும் இடமும் அதுவே. ஆகவே சகோதரி பணிப்பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு பதினைந்து நாள் உள்ளேயே தங்கும். மறு குழு வீட்டில் இருக்கும். திரும்பி வரும்போது பரிசோதனை முடிவோடு வரவேண்டும். ஒருவர் கட்டிலிலிருந்து அடுத்தவர் கட்டிலுக்குப் போகுமுன் கைகழுவுதல் கட்டாயம். தட்டும் தம்ளரும் ஆளுக்கொன்று. சன்னல்கள் இரவும் பகலும் திறந்தே கிடந்தன. பாட்டிமார் பனியைச் சொல்லி முணுமுணுத்தார்கள். சகோதரி போர்வை கொடுத்தாரே தவிரச் சன்னலைச் சாத்தவில்லை.

அங்கே இருந்த பாட்டி ஒருவர் எனக்கு நெருக்கமானவர். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் இளமை முழுவதும் மண் சுமந்தவர், குழைத்தவர், சூளையிலிருந்து இறங்கிய பொருட்களைத் தரம் பிரித்தவர். பிள்ளைகள் இல்லை. "கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும் சாமி. கீறல் உள்ளே இருந்தா தெரியாது. விரலால தட்டணும். ஓசை சொல்லிடும்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அன்று அதைத் தொழில் நுணுக்கமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பாட்டிக்கு மூப்பும் இதய நோயும் முற்றி, கடைசி நேரம் நெருங்கிவிட்டதென்று தொலைபேசியில் செய்தி வந்தது. நோயில்பூசுதல் வேண்டும் என்று கேட்கிறாராம். அவர் சொல்லில் 'அவஸ்தை பூசுதல்'. திருத்தைலச் சிமிழையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு விரைந்தேன். சகோதரி வாசலுக்கு வந்தார். கதவைத் திறக்கவில்லை.

"ஃபாதர், கோவிச்சுக்காதீங்க. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. முடிவு தெரிஞ்சதும் நானே கதவைத் திறக்கிறேன்."

"எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர். காய்ச்சலோ இருமலோ எதுவும் இல்லை."

"கோயம்பேட்டுலேர்ந்து வந்தவங்களும் அதைத்தான் சொன்னாங்க, ஃபாதர்."

நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அடக்கத்திற்குப் போயிருந்தேன். அங்கே என் அருகில் நின்று அழுத ஒருவருக்குப் பின்னர் தொற்று உறுதியாயிற்று. சகோதரிக்கு அது தெரிந்திருந்தது. என் வாயால் நான் சொல்வேனா என்று காத்திருந்தார் போலும். நான் சொல்லவில்லை. மாறாக, குருவானவரை வாசலில் நிறுத்துவது முறையா என்று கேட்டேன். சாகும் ஓர் ஆன்மாவுக்கும் அதன் ஆண்டவருக்கும் இடையே நீங்கள் நிற்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் கண்கள் நிறைந்தன. "அந்த அறையில இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க, ஃபாதர்" என்றார். அன்று அவர்களிடம் இருந்தவை துணி முகக்கவசங்கள் மட்டுமே. முழுக்கவச உடை இல்லை. பாட்டியைத் தூக்கி மாற்றும் நிலையும் இல்லை. அடுத்த பங்கின் தந்தை என்னிலும் மூத்தவர், நீரிழிவு நோயாளி. அவரை அழைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். நீண்ட பஞ்சுக் குச்சியொன்றை மூக்கின் ஆழத்தில் செலுத்திச் சுழற்றி எடுத்தார்கள். அதைக் குப்பியிலிருந்த திரவத்தில் இட்டு, குளிர்ந்த பெட்டியில் வைத்து வெளியூர் ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் அம்முறையில் வைரஸின் மரபுப் பொருளை நகலெடுத்து நகலெடுத்துப் பெருக்கிக் காண்கிறார்கள். இல்லாததைப் பெருக்க முடியாது. சிறிதளவு இருந்தாலும் பெருகித் தன்னைக் காட்டிவிடும். வேலை சில மணி நேரமே. ஆனால் குப்பி பயணம் போக வேண்டும், தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் அதிகாலையில் பாட்டி இறந்துபோனார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. எனக்குத் தொற்று இல்லை.

இருந்தது என்று வந்திருந்தால் இக்கட்டுரை எளிதாகியிருக்கும். பாருங்கள், சகோதரி செய்ததே சரி என்று முடித்திருப்பேன். இல்லை என்று வந்ததால் நெடுநாள் மனக்கசப்போடு இருந்தேன். போயிருக்கலாமே, பூசியிருக்கலாமே என்று உள்ளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்வியோடு ஒருநாள் இரவு லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். குருத்துவக் கல்லூரியில் நாங்கள் வேகமாகக் கடந்துபோன பகுதி அது. தோலில் ஐயத்திற்குரிய தடிப்பு உள்ளவன் குருவிடம் வருகிறான். குரு பார்க்கிறார். உறுதியாகத் தெரியாவிட்டால் ஏழு நாள் தனியே வைக்கிறார், மீண்டும் பார்க்கிறார், இன்னும் தெளிவில்லையெனில் பின்னும் ஏழு நாள். ஐயம் தீரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள சட்டம். பதினான்கு நாள் கழித்து நோயில்லை என்று கண்டால், தனியே வைத்தது தவறு என்று எவரும் குருவைக் குற்றம் சாட்டவில்லை. தெரியாதபோது காத்திருப்பது கடமை. பின்னர் தெரிய வந்தது அந்தக் கடமையைப் பொய்யாக்குவதில்லை. நான் செய்ய வேண்டிய குருவின் வேலையைச் சகோதரி செய்திருந்தார்.

இன்னொன்றையும் பின்னர் அறிந்தேன். தொற்று நுழைந்த முதல் சில நாட்களில் பரிசோதனை அதைப் பிடிக்காமல் போகலாம். 'இல்லை' என்னும் தாள் அந்நாளுக்குரிய விடை. மறுநாளைக்கு அது உத்தரவாதம் தராது. 2020 மார்ச் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 76 பேரைப் பரிசோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்கு அந்நாளில் எந்த அறிகுறியும் இல்லை. அந்த 27 பேரில் 24 பேருக்குப் பின்னரே அறிகுறிகள் தோன்றின. பாட்டி சொன்ன கீறல் இதுதானே! கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். தட்டித்தான் பார்க்க வேண்டும்.

என் கோபத்தின் வேரையும் தேடினேன். திருநிலைப்பாட்டு நாளில் ஆயர் என் உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசினார். அருளைச் சுமக்கும் கைகள் நோயைச் சுமக்குமோ என்னும் இறுமாப்பு எனக்குள் இருந்திருக்கிறது. 1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டுப் பேறுகாலப் பகுதிக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் மருத்துவர் பலர் அவர்மீது சினங்கொண்டனர். குணப்படுத்தும் கையே கொல்லும் என்று கேட்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை. நல்ல நோக்கம் கையைத் தூய்மையாக்கிவிடாது. தண்ணீரும் சோப்பும் வேண்டும்.

அவ்வாண்டு செப்டம்பரில் இல்லத்து முதியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். அனுப்பியவர்கள் பரிசோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். சகோதரி அவரைத் தம் கட்டிலுக்கு விடவில்லை. வாசலை ஒட்டிய கிடங்கு அறையைக் காலி செய்து, அவருக்கென்று ஒரு பணிப்பெண்ணை நியமித்து, தனியே வைத்தார். ஐந்தாம் நாள் எடுத்த பரிசோதனையில் தொற்று உறுதியாயிற்று. பெரியவர் பிழைத்தார், வேறு எவருக்கும் அது பரவவில்லை. அப்போதுதான் என் கசப்பு வடியத் தொடங்கியது. இங்கிலாந்தில் 2020 மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறிகுறி இல்லாதவரை அனுப்புமுன் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. தந்தையரை இழந்த பெண்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். அறிகுறியற்றவர் வழியாகவும் தொற்று வரலாம் என்பதை அக்கொள்கை கருத்தில் கொள்ளவில்லை, ஆதலால் அது சட்டத்திற்கு முரணானது என்று 2022 ஏப்ரல் 27 அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயன்றவரை 14 நாள் தனியே வைக்கும்படி அறிவுறுத்தியிருக்க வேண்டும் என்றும் கூறியது. நம் ஊர்ச் சகோதரி அதை ஒரு கிடங்கு அறையில் செய்து முடித்திருந்தார்.

இதனால் மூடிய கதவுகள் எல்லாம் நல்லவை என்று சொல்ல வரவில்லை. அந்த மாதங்களில் முதியோர் பலர் தனிமையில் வாடினர். பேரனின் குரலைக் கேட்கக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, பேசத் தெரியாமல் அழுதவர்கள் உண்டு. பாட்டி என்னை எதிர்பார்த்தபடியே இறந்தார். அந்த இழப்பை எந்த விளக்கமும் அழிக்காது. அருட்சாதனம் பெற இயலாமல் இறப்போரை இறை இரக்கத்திடம் ஒப்படைத்து, அவர்களுக்குப் பரிபூரண பலனையும் வழங்கும் ஆணையை உரோமை 2020 மார்ச் 20 அன்றே வெளியிட்டிருந்தது. அது எனக்கு ஆறுதல். அதனினும் பெரிய ஆறுதல், சகோதரி பின்னர் சொன்னது. இரவு முழுவதும் அவர் பாட்டியின் கையைப் பிடித்தபடி செபமாலை சொல்லியிருக்கிறார். "சாமி வந்துட்டாரா?" என்று பாட்டி கேட்டபோதெல்லாம், "வாசல்ல நிக்கிறார், பாட்டி" என்றாராம். அது முழுப் பொய்யல்ல என்றே நினைக்கிறேன்.

பின்னர் நாங்கள் இருவரும் அமர்ந்து பேசினோம். அந்தக் கிடங்கு அறைக்கு வெளிப்புறமாக ஒரு கதவு வைத்தோம். நோய் முற்றுவது தெரிந்ததும், காலம் தாழ்த்தாமல், அவரை அங்கே மாற்றிவிடுவது. குரு வெளிப்புறக் கதவு வழியாகவே வந்து போவது என்று முடிவு செய்தோம். பூசுதலைக் குரு தம் கையாலேயே செய்ய வேண்டும், கனமான காரணம் இருந்தால் கருவியைப் பயன்படுத்தலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1000ஆம் எண் கூறுகிறது. ஆகவே தைலம் தோய்ந்த பஞ்சுக் குச்சியால் பூசினேன். பிறகு அதை எரித்தேன். என் மூக்கில் நுழைந்ததும் இத்தகைய குச்சிதான் என்ற நினைவு வந்தது. இரண்டும் ஒரே முதியவரைக் காப்பதற்குத்தான். லேவியர் நூலின் அடுத்த அதிகாரத்தில், தொழுநோயாளி குணமானானா என்று பார்க்கக் குருவே பாளையத்தை விட்டு வெளியே போகிறார். அதையும் நான் அதுவரை கவனித்ததில்லை.

அன்பர்களே, கொரோனா தணிந்தாலும் சளிக்காய்ச்சல் ஆண்டுதோறும் வருகிறது. இளைஞனுக்கு மூன்று நாள் படுக்கையாகும் அது, எண்பது வயதில் உயிர் குடிக்கும். முதியோர் இல்லத்திற்குப் பழம் வாங்கிக்கொண்டு போகும்போது, வீட்டில் தாத்தாவின் கட்டிலருகே உட்காரும்போது, முதலில் கைகளைக் கழுவுங்கள். உடல் சரியில்லையென்றால் அன்று போகாதீர்கள். சோதித்துக்கொண்டு வாருங்கள் என்று யாரேனும் சொன்னால், என்னைப்போல் அவமானமாகக் கொள்ளாதீர்கள். சுவரின் மறுபக்கம், தமக்காகப் பேச இயலாத ஐவர் படுத்திருக்கிறார்கள். அவர்கள் சார்பில்தான் அவர் பேசுகிறார்.

சென்ற மாதம் குறிப்பேட்டில் கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது சகோதரி வந்தார். முன்னிலும் தளர்ந்திருந்தார். "காய்ச்சல், இருமல் ஒண்ணும் இல்லையே, ஃபாதர்?" என்றார் சிரித்தபடி. "இல்லை சிஸ்டர். ஆனால் நேற்று காய்ச்சல்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றேன். அவர் ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினார். அணிந்துகொண்டு உள்ளே போனேன்.