கையெழுத்துக்கு முன்

தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெறுகிறவர் முந்தைய நாள் வரை இயற்பியலோ வரலாறோ நடத்திக்கொண்டிருந்தவர். மறுநாள் காலை சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகம் எல்லாம் அவர் மேசைக்கு வந்துவிடும். பள்ளியில் எல்லாரும் அவரைக் கேட்பார்கள். அவர் போய்க் கேட்க அங்கே ஆளில்லை. தலைமையாசிரியர்கள் சங்கம் கட்டிய வரலாற்றை நான் இந்தத் தனிமையிலிருந்துதான் பார்க்கிறேன்.

1869 டிசம்பரில் இங்கிலாந்தின் அப்பிங்காம் பள்ளித் தலைமையாசிரியர் எட்வர்ட் த்ரிங் தம் சகாக்களை ஊருக்கு அழைத்தார். அறக்கட்டளைப் பள்ளிகளில் அரசு கைவைக்க வழிசெய்யும் சட்டம் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அந்தக் கூட்டமே ஹெட்மாஸ்டர்ஸ் கான்ஃபரன்ஸ் ஆனது. 1874-ல் பிரான்சிஸ் மேரி பஸ் முன்னின்று தலைமையாசிரியைகளுக்கும் ஒரு சங்கம் தொடங்கினார்.

நம் பக்கத்தில் கதை வேறு. மெட்ராஸ் டீச்சர்ஸ் கில்டு, பிறகு தென்னிந்திய ஆசிரியர் சங்கம் என்று தலைமையாசிரியரும் உதவி ஆசிரியரும் ஒரே பந்தலில் இருந்தார்கள். நிர்வாகம் நினைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்றிருந்த காலத்தில் வேலைப் பாதுகாப்புதான் எல்லாருக்கும் முதல் கவலை. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகே அந்தப் பயம் தணிந்தது.

1978-ல் பிளஸ் டூ பள்ளிக்குள் வந்ததும் உயர்நிலை, மேல்நிலை என்று எங்கள் பதவியே இரண்டானது. மேல்நிலைத் தலைமையாசிரியர் பணியிடத்தில் முதுகலை ஆசிரியருக்கு எத்தனை பங்கு, உயர்நிலைத் தலைமையாசிரியருக்கு எத்தனை என்ற விகிதாச்சாரத் தகராறு இன்றும் ஓயவில்லை. தகராறு நியாயமானதே, ஆனால் எங்கள் சங்கக் கூட்ட நேரத்தை அதுவே தின்றுவிடுகிறது.

தலைமையாசிரியர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2003 ஜூலை வேலைநிறுத்தத்தைச் சொல்வேன். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சக்கணக்கில் பணிநீக்கம் செய்யப்பட்ட நாட்கள் அவை. வேலைநிறுத்தம் என்றால், வருகைப் பதிவேட்டில் சக ஆசிரியரின் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறிக்க வேண்டியவர் தலைமையாசிரியர்தான். அந்தச் சங்கடத்தை அதே நாற்காலியில் இருக்கிற இன்னொருவரிடம்தான் பேச முடியும்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் சங்கத்தின் தேவை இன்னும் பளிச்சென்று தெரியும். ஜவுளிக் கடைகளுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஆந்திரத்துக் குப்பம் பக்கமிருந்து வருகிறவர்கள், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலைச் சரிபார்க்கும்போது சிக்கல் எழும். தெலுங்குக் குடும்பங்களில் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் வரும். பக்கத்து மாநில மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) அதன் எழுத்தே இனிஷியலாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து. மதிப்பெண் சான்றிதழில் எது ஏறுகிறதோ அதுதான் பிள்ளையோடு கல்லூரிக்கும் வேலைக்கும் போகும்.

இந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று பயிற்சி வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு மூத்த தலைமையாசிரியர் சொன்னார்: "முதல்ல அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுங்க சார். வெளிமாநில டி.சி.ன்னா அந்த ஊர்க் கல்வி அலுவலர் மேலொப்பம் இருக்கான்னு பாருங்க. அப்பா அம்மாவை நேர்ல வரச்சொல்லி எழுதி வாங்குங்க. அப்புறம்தான் உங்க கையெழுத்து." அன்று முதல் அந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு தருமபுரிக்கு அலைவது போயிற்று. சுற்றறிக்கைகளும் இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகின்றன. ஆனால் பணிப்பதிவேட்டை விரித்துவைத்து, எந்தப் பதிவு எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பதவி உயர்வுக் கலந்தாய்வு முடிந்த வாரமே புதியவர்களை, ஓய்வு பெற்றவர்கள் உட்பட அனுபவசாலிகளோடு ஒரு நாள் முழுக்க உட்காரவைக்க வேண்டும். விகிதாச்சாரப் பேச்சு அன்று கூடாது. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன்.