ஜேக்கப்பும் மறதி மழையும்

ஒரு பெருங்கதை மக்கள் மனத்திலே வேரூன்றிவிட்டால் அதிலிருந்து கிளைகள் தோன்றுவது இயல்பே. பாரதத்தின் வன பருவத்தில் துயருற்ற தருமனுக்குச் சொல்லப்பட்ட நளன் கதையைப் புகழேந்தி தனி நூலாகப் பாடினார். அதைக் குறை கூறுவார் யாருமில்லை. ஆகவே, ஜே. கே. றௌலிங் 1997 முதல் 2007 வரை வெளியிட்ட ஏழு ஹரி பொட்டர் நாவல்களின் கிளையாக 'ஃபண்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' என்னும் திரைப்படம் 2016இல் வெளிவந்தபோது, கிளை என்பதற்காகவே அதை இகழ்ந்தவர்களோடு எனக்கு உடன்பாடிருக்கவில்லை. அதற்கு அடிப்படையான சிறு நூல் 2001இல் தரும நிதிக்காக எழுதப்பட்ட விலங்குப் பட்டியல். அதிற் கதையே இல்லை. அதை வைத்து ஐந்து படங்கள் எடுக்கத் திட்டமிட்டது வணிக ஆசையன்றி வேறென்ன? முயற்சி 2022இல் மூன்றாவது படத்தோடு நின்றது.

எங்கள் தலைமுறை அந்நாவல்களோடு வளர்ந்தது. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற பின்னும் அவற்றின்மீதுள்ள பற்று எனக்கு அற்றுப்போகவில்லை. எனினும் ஒரு குறை என்றும் உறுத்தியதுண்டு. மந்திரமறியாத சாதாரண மனிதன் அங்கே பெரும்பாலும் நகைப்புக்குரியவன், அல்லது இரங்கத்தக்கவன். மாந்திரிகர் வீடுகளில் ஊதியமின்றி உழைக்கும் குட்டிப் பிறவிகளுக்காக ஹெர்மயனி நான்காம் நாவலில் ஓர் இயக்கம் தொடங்குகிறாள். அதை நாவல் பாதி வேடிக்கையாகவே நடத்துகிறது. திரைப்படங்களோ அடியோடு விட்டுவிட்டன.

இந்தக் குறையைத்தான் கிளைப்படம் தீர்க்க வந்ததுபோலத் தோன்றியது. 1926ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே கதை நிகழ்கிறது. விலங்காய்வாளன் நியூட் பெட்டி நிறைய விசித்திரப் பிராணிகளோடு கப்பலில் வந்திறங்குகிறான். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவன் அவனல்லன். ஜேக்கப் கொவால்ஸ்கி என்ற தொழிலாளி. போருக்குப் போய்த் திரும்பியவன். ரின் உணவுத் தொழிற்சாலையிலே உயிர் தேய உழைப்பவன். பாட்டியின் கைப்பக்குவத்தில் பலகாரம் செய்து விற்க ஒரு பேக்கரி வைக்க வேண்டுமென்பதே அவன் கனவு. கடன் கேட்டு வங்கிக்குப் போகிறான். ஈடு என்ன என்கிறார் முகாமையாளர். ஜேக்கப் தான் செய்த பலகாரத்தை நீட்டுகிறான். மணிக்கு நூற்றுக்கணக்கில் டோனட் செய்யும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பது பதில். கைத்திறன் வேறு, மூலதனம் வேறு என்பதை இத்தனை எளிதாக விளக்கிய காட்சியை மாயாஜாலப் படமொன்றில் நான் எதிர்பார்க்கவேயில்லை.

அடுத்து வருவது சட்டம். அமெரிக்க மாந்திரிகர் மந்திரமற்றவரோடு நட்புக் கொள்ளலாகாது, மணஞ்செய்யலாகாது. ஜேக்கப்பும் குவீனி என்னும் மாந்திரிகப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அக்காலத்து அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது குற்றமென்பதையும், அச்சட்டங்களை உச்ச நீதிமன்றம் தள்ளியது 1967இல் என்பதையும் அறிந்தவருக்கு இது வெறுங்கற்பனையாகத் தோன்றாது. ஆனால் படம் அந்த உண்மையான வெறுப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. மாந்திரிக அரசின் தலைவி ஒரு கறுப்பினப் பெண், பார்க்க மகிழ்ச்சிதான். லாங்ஸ்டன் ஹியூஸின் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்த அதே 1926. ஹார்லெமின் கறுப்பினக் கலைஞர்கள் எழுச்சி பெற்றிருந்த காலம். அந்த ஹார்லெமுக்கு இப்படத்தில் இடமில்லை. வெறுப்பு மாந்திரிகருக்கு மாற்றப்பட்டதும் நிற வெறுப்பு நகரத்தில் இல்லாமலே போய்விடுகிறது.

நகரமே மறக்கும்படி மழை பெய்விக்கப்படுவது இறுதிக் காட்சிகளுள் ஒன்று. வீடுகள் இடிந்ததையும், அடிபட்டு வளர்ந்த சிறுவன் கிரெடென்ஸ் அரசின் கையால் தாக்குண்டு சிதறியதையும் மக்கள் மறக்கிறார்கள். ஜேக்கப்பும் மறக்க வேண்டும். உயர்தர வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அவரின்ரை நினைவை அழிக்க அவரிட்டைக் கேட்டவையா?" அவன் தானாகவே மழைக்குள் நடந்து போனான் என்றேன். "போகாமல் விட்டிருக்கலாமோ?" என்றாள். விட்டிருக்க முடியாது. அதைப் படம் தியாகமாகக் காட்டி நம்மை உருக வைக்கிறது, நானும் உருகினேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

2018இல் வந்த இரண்டாம் படம் இதிலிருந்து நழுவிக்கொண்டது: மழை தீய நினைவுகளை மட்டுமே அழிக்குமாம், ஜேக்கப்புக்கு அத்தகைய நினைவுகளே இல்லையாம்! போரையும் தொழிற்சாலையையும் கண்டவனுக்கா?

கடனும் இவ்வாறே தீர்கிறது. நியூட் இரகசியமாகக் கொடுத்த வெள்ளி முட்டையோடுகளை ஈடு வைத்துக் கடை திறக்கிறான். வங்கி மாறவில்லை, அவனுக்கு மட்டும் அதிர்ஷ்டம் வாய்த்தது. ஆனால் அந்தக் கடையின் பாண்களைப் பாருங்கள். மறந்துபோன பிராணிகளின் உருவங்களிலே அவை வெந்து வந்திருக்கின்றன. இந்த எண்ணமெல்லாம் எங்கிருந்து வருகிறதென்று வாடிக்கைக்காரி வியக்கிறாள், அவனுக்கே தெரியவில்லை. மாப் பிசைந்த அவனுடைய கைகள் மட்டும் மறக்கவில்லை. அப்போது குவீனி வாசலில் வந்து நிற்கிறாள். ஜேக்கப் கழுத்திலுள்ள பழைய கடிவடுவைத் தடவிப் பார்க்கிறான்.