உம்மும்மாட வீடு



போன கிழமை தரம் 5 பிள்ளைகளிடம் "எங்கட வீடு" என்று சித்திரம் வரையச் சொன்னோம். ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், உம்மும்மாட வீட்டை வரையலாமா? அது இப்ப ஹோட்டல்" என்று கேட்டது. எங்களுக்கு உடனே பதில் வரவில்லை.

காலிக் கோட்டையில் 1904இல் கட்டிய மீரான் ஜும்ஆப் பள்ளியை வெளியூரார் தேவாலயம் என்றே நினைப்பார்கள். நம் தெருக்களிலும் ஒல்லாந்தர் காலத்து அத்திவாரத்தின் மேல் ஆங்கிலேயர் காலத்தில் திருத்திக் கட்டிய வீடுகள் பல: தூண் வைத்த இஸ்தோப்பு, கதவுக்கு மேல் மரச் செதுக்கல், காற்றும் மழையும் இறங்கும் நடுமுற்றம்.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக்கியது. சட்டம் சுவரைக் காக்கும். நோன்பு காலத்தில் இஸ்தோப்புக்கு இஸ்தோப்பு கஞ்சி போன பழக்கத்தை யார் காப்பது? விற்றவர்களைக் குறை சொல்லவில்லை; பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், கூரை திருத்தும் செலவு நமக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை இஸ்தோப்பை மட்டும் வரைந்தது. உள்ளே எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது. வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள், எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.