செம்பின் உள்பக்கம்

செம்புப் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் உள்ளே பார்க்க வேண்டும். வெளியே தெரியும் சிவப்பும் பூவேலையும் யாரையும் நிறுத்திவைக்கும். ஆனால் அது அடுப்பில் ஏறப்போகிறதா, கண்ணாடி அலமாரியில் உட்காரப்போகிறதா என்பதை உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம்தான் சொல்லும். காஸியான்டெப் நகரத்தின் செம்புத் தெருவில் ஒரு கடைக்காரர் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது, தன் கடைச் சரக்கிலேயே பாதியை "இது சமைக்க ஆகாது" என்று ஒதுக்கிவைத்தார். விற்கிறவரே அப்படிச் சொன்னால் நின்று கேட்கத்தான் வேண்டும்.

துருக்கியின் தென்கிழக்கில், சிரிய எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். அலெப்போ இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். ஒட்டோமான் ஆட்சியின் பிற்காலத்தில் இரண்டும் ஒரே மாகாணம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது ஊர்மக்கள் பல மாதம் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக 1921இல் அங்காராவின் நாடாளுமன்றம் 'காஸி' (போர் வீரர்) என்ற பட்டத்தை ஊரின் பெயரோடு சேர்த்தது. அரசுக் காகிதங்களில் காஸியான்டெப். ஊர்ப்பேச்சில் இன்னும் ஆன்டெப்தான்.

நகரத்தின் நடுவே ஒரு மேட்டில் கோட்டை நிற்கிறது. 2023 பிப்ரவரி 6 அதிகாலையில் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் அதன் சுவர்கள் பல இடங்களில் சரிந்தன. நான் போனபோது செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சந்துகளுக்குள் இறங்கினேன். வணிகர்கள் தங்கிய பழைய கல் சத்திரங்கள், குடைந்து காயவைத்த கத்தரிக்காயும் மிளகாயும் மாலை மாலையாகத் தொங்கும் கடைகள், டப்பா டப்பாவாக மிளகாய் விழுது, சாக்கு சாக்காகப் பிஸ்தா. அவற்றையெல்லாம் தாண்டினால் பகர்ஜிலர் சார்ஷிசி, செம்புக்காரர் கடைத்தெரு. மொழிபெயர்க்க என்னோடு வந்தவர் உள்ளூரில் படிக்கும் கல்லூரி மாணவர். பட்டறைக்குள் நுழையும்போது 'கோலாய் கெல்சின்', வேலை லேசாக நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

முகப்பில் இருப்பவை பெரும்பாலும் விற்பனைக் கடைகள். பட்டறைகள் பின்சந்தில். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு உஸ்தா, அதாவது தொழில் ஆசான், தரையில் ஊன்றிய இரும்புப் பட்டடைமேல் ஒரு கொப்பரையைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தார். தகடு ஆலையிலிருந்து வருகிறது. வட்டமாக வெட்டி, நடுவில் தொடங்கி விளிம்பு வரை வளையம் வளையமாக அடித்துக்கொண்டு போகிறார். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் விளிம்பு கீறிவிடும். ஆகவே உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுக்கிறார், இளகிக்கொடுக்கிறது. மறுபடி அடி, மறுபடி உலை. இடது கை பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஓர் அடி விழுந்த தழும்பின் ஓரத்தைத் தொட்டபடி அடுத்த அடி விழுகிறது. நான் இருந்த நேரம் முழுவதும் அவர் அளவுகோலைத் தொடவே இல்லை.

"எந்த இடத்தில் தகடு மெலிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் உஸ்தா?" என்று மாணவர் மூலமாகக் கேட்டேன்.

"சத்தம் மாறும், தம்பி. கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும்."

மெலிந்த ஓரிடத்தையும் கனமான ஓரிடத்தையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டினார். மெலிந்த இடத்தில் சத்தம் சற்றுச் சிதறி வந்தது. அவர் பேச்சோடு பேச்சாக, சத்தத்தைக் கவனித்தபடியே வேலையைத் தொடர்ந்தார்.

இப்போது தெருவில் அடுக்கியிருக்கும் பாத்திரங்களில் பல இப்படிப் பிறந்தவை இல்லை. சுழலும் அச்சின் மேல் தகட்டை அழுத்தி இயந்திரம் இழைத்துக்கொடுக்கிறது. சுத்தியல் தழும்பு மட்டும் பிறகு வைக்கிறார்கள். சிறிய காபிக் குவளை ஒன்றை முழுக்கக் கையால் அடித்தால் அதற்குரிய கூலியைக் கொடுக்கிறவர்கள் குறைவு என்பதால் இதில் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கையால் அடித்ததில் தழும்புகள் ஒரே சீராக இருக்காது. எடுத்துப் பார்த்தால் கனம் கையிலேயே தெரியும். மங்காமல் இருப்பதற்காக மேலே மெருகெண்ணெய் போல ஒரு பூச்சு பூசிய பாத்திரத்தை நெருப்பில் வைக்கக் கூடாது. உள்ளே வெறும் செம்பாக இருப்பதில் சமைக்கக் கூடாது.

சித்திர வேலைக்காரர்கள் தனி. ஒரு தட்டை மரப்பலகைமேல் வைத்து, சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார் ஒருவர். உளி முன்னே நடக்க நடக்க டியூலிப் இதழ் விரிகிறது, ஊசியிலை மரம் எழுகிறது. கோடு போட்டது வெளிவட்டத்துக்கு மட்டும். உள்ளே நிரப்புவதெல்லாம் நினைவிலிருந்து. பின்புலத்தைக் கருக்கிவிட்டுத் தேய்த்து மெருகேற்றும்போது பூ மட்டும் தனியாக மின்னும். அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தட்டுகள் போய்ச் சேரும் இடம் சுவர். வாங்கியவர் வீட்டில் ஆணியடித்து மாட்டியபின் அது திரும்பி இந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை. அடுப்பில் ஏறும் பாத்திரம் திரும்பத் திரும்ப வரும். ஆன்டெப்பின் செம்புத் தொழில் உயிரோடு இருப்பதற்கு அந்தத் திரும்பி வரும் பாத்திரங்களே காரணம் என்று எனக்குப் பட்டது. அதைப் புரிந்துகொள்ள ஊரின் சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

யுனெஸ்கோ 2015இல் இந்த ஊரைச் சமையற்கலைக்கான படைப்பாக்க நகரமாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிவிப்புக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே காலை உணவே ஒரு பெரிய காரியம். குளிர்காலக் காலையில் எல்லோரும் பேய்ரான் குடிக்கப் போகிறார்கள். இரவெல்லாம் வெந்த ஆட்டிறைச்சியை நாராகப் பிரித்து, சோற்றின் மேல் வைத்து, கொழுப்பும் பூண்டும் மிளகாயும் சேர்த்து, சாறு ஊற்றி, உலோகக் கிண்ணத்தோடு அப்படியே சீறும் நெருப்பில் வைக்கிறார்கள். கிண்ணம் கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும். முதல் வாயிலேயே நெற்றி வியர்த்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காரம் சுகமாகவே இருக்கும்.

இந்த ஊர்ச் சமையலின் இன்னொரு குணம் புளிப்பு. மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு, சுமாக் பழத்தின் புளிப்பு, தக்காளி விழுது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தயிர். யுவலமா என்று ஒரு பண்டம் உண்டு. அரிசி மாவையும் இறைச்சியையும் பிசைந்து கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி, வேகவைத்து, காய்ச்சிய தயிர்ச் சாற்றில் போடுவது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து உருட்டுவார்கள். பெருநாள் காலையில் இது இல்லாத வீடு இல்லை என்றார் மாணவர். இத்தனை புளிப்பையும் செம்பில் சமைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்: களிம்பு ஏறும். சாப்பாடு நஞ்சாகும். சூட்டை ஒரே சீராகப் பரப்பச் செம்பை மிஞ்ச ஆளில்லை. புளிப்புக்கு அது ஆகவும் ஆகாது. நடுவே வெள்ளீயத் திரை ஒன்று வேண்டும். அதைப் போட்டுக்கொடுக்கிறவர் கலாய்ஜி, ஈயம் பூசுகிறவர்.

அவருடைய பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புகைக் கருப்பு ஏறிய ஓர் அறை, ஒரு உலை, ஒரு தொட்டி. வாசலில் ஊர் ஊராக வந்த பழைய பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. முதலில் பழைய பூச்சையும் அழுக்கையும் போக்குகிறார். பெரிய கொப்பரையாக இருந்தால் முன்பெல்லாம் மணலைப் போட்டு, சிறுவன் ஒருவன் வெறுங்காலோடு உள்ளே ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பித் தேய்ப்பானாம். இவரும் அப்படித்தான் தொழிலுக்கு வந்தவர்.

தேய்த்த பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து உலையின் மேல் சுழற்றினார். ஒரு பிடி பஞ்சில் நவச்சாரத்தைத் தொட்டு உள்ளே துடைத்தார். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து மூக்கை அறுத்தது. செம்பு ஒரு கணம் புதிதாகப் பிறந்த சிவப்பில் தெரிந்தது. அந்தக் கணத்தைத் தவறவிடாமல் ஈயக் குச்சியால் அடியில் ஒரு கோடு இழுத்தார். குச்சி உருகி வெள்ளித் துளியாக ஓடியது. பஞ்சால் அதை விரட்டி விரட்டி விளிம்பு வரை கொண்டுபோனார். சிவப்பு மறைந்து வெண்மை பரவிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 போதும். அந்த இடைவெளிக்குள் நடக்கும் தொழில் இது. சூடு குறைந்தால் ஈயம் திட்டுத்திட்டாக ஒட்டும். கூடினால் மஞ்சள் பாய்ந்து கருகும். வெப்பமானி எதுவும் அங்கே இல்லை. புகையின் நிறத்தையும் ஈயம் ஓடும் விதத்தையும் பார்த்தே அவர் கை முன்னே போனது, பின்னே வந்தது.

"வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். நான் போட்டது ரொம்ப நாள் நிற்கும்" என்றார். கேட்க வருகிற எல்லாரிடமும் சொல்வார் போல, மனப்பாடமாக வந்தது.

அவரிடம் சீடப்பையன் இல்லை. இந்தத் தெருவின் மரபில் சிராக் (சீடன்), கல்ஃபா (தேர்ந்த கையாள்), உஸ்தா (ஆசான்) என்று மூன்று படி. முன்பெல்லாம் பத்து வயதில் சிராக்காக வந்து தண்ணீர் மொண்டு, உலை ஊதி, பல ஆண்டு கழித்துச் சுத்தியலைத் தொடுவார்கள். துருக்கியில் கட்டாயக் கல்வி 1997இல் எட்டு ஆண்டாகவும், 2012இல் பன்னிரண்டு ஆண்டாகவும் உயர்ந்தது. குழந்தைகள் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பதினெட்டு வயதில் வருகிறவனுக்குக் கையோடு சம்பளமும் வேண்டும், தொழிலும் கற்றுக்கொடுக்க வேண்டும். சின்னப் பட்டறையால் அதைத் தாங்க முடியவில்லை. பழைய ஏற்பாட்டை மாற்றிய சட்டத்தோடு, வளர்ந்த பிள்ளைக்குப் பயிற்சிக் காலத்தில் ஊதியம் கொடுக்கும் ஏற்பாடும் தெரு வரை வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொழில் கை மாறுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1915க்கு முன் ஆன்டெப்பின் கைத்தொழில்களில் அர்மீனியர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அந்த ஆண்டு அவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பிழைத்துத் திரும்பியவர்களும் 1920களின் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் போனார்கள், பலர் அலெப்போவுக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் எழுப்பிய பெரிய தேவாலயம் பின்னாளில் சிறையாகி, அதன்பின் மசூதியாகி, 2023 நிலநடுக்கத்தில் கடுமையாக இடிந்தது. 2011க்குப் பிறகு அதே அலெப்போ சாலையில் எதிர்த்திசையில் லட்சக்கணக்கான சிரியர்கள் வந்தார்கள். தெருவில் அரபு பேசியபடி தகடு வெட்டும் இளைஞர்களைப் பார்த்தேன். அவர்கள் சுத்தியலைப் பிடித்த விதத்தில் பழக்கம் தெரிந்தது.

பக்லவா என்னும் இனிப்பைச் செய்யும் பட்டறைகளில், ஆள் கிடைப்பதில் நிலைமை வேறு. ஆன்டெப் பக்லவா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. துருக்கிப் பண்டங்களில் அதுதான் முதல். நான் எட்டிப் பார்த்த கூடத்தில் மாவுப்புகை நடுவே இளைஞர்கள் வரிசையாக நின்று மாவை விரித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் செய்தித்தாள் கிடந்தால் மாவு வழியாகவே படித்துவிடலாம், அத்தனை மெல்லிசு. முற்றும் முன்னே பறித்த பிஸ்தாவின் பச்சை நிறம் அந்த அடுக்குகளில் தெரிகிறது. அங்கேயும் அதே சிராக், கல்ஃபா, உஸ்தா வரிசைதான். தினம் தின்று தீர்ப்பதால் தினம் வேலை இருக்கிறது, ஆளும் வருகிறது.

மாலையில் ஸீக்மா அருங்காட்சியகம் போனேன். ஸீக்மா என்பது யூஃப்ரடீஸ் கரையில் இருந்த ரோமானிய நகரம். 2000இல் பிரெஜிக் அணையின் நீர் ஏறியபோது அவசர அவசரமாகத் தோண்டி எடுத்த கல்பதிப்புத் தரைகள் அங்கே இருக்கின்றன. எல்லோரும் 'நாடோடிப் பெண்' என்று பெயர் பெற்ற கல்பதிப்பு முகத்தைப் பார்க்கக் கூடுகிறார்கள்; பார்க்க வேண்டிய முகம்தான். எனக்கு அதிகம் பிடித்தது விருந்துக்கூடங்களின் தரைகள். ரோமானியர் காலத்திலும் இந்த வட்டாரத்தில் சாப்பிடும் இடத்துக்குத்தான் நல்ல கைவேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒரு கொப்பரையை வாங்கிக்கொண்டு கலாய்ஜியிடம் மறுபடி போனேன். கடையில் போட்ட பூச்சு சரிதானா என்று பார்த்துச் சொல்லக் கேட்டேன். விரலால் தடவி, வெளிச்சத்தில் திருப்பி, "நல்லது" என்றார். அப்போது ஓர் அம்மாள் துணியில் கட்டிய பெரிய பாத்திரத்தோடு வந்தார். மாமியார் கொடுத்ததாம். அடியில் சிவப்புத் தெரியத் தொடங்கியிருந்தது. நோன்பு தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது.

"உஸ்தா, பெருநாள் யுவலமா இதில்தான். நோன்புக்கு முன்னால் வேண்டும்."

"எல்லாருக்கும் நோன்புக்கு முன்னால்தான் வேண்டும், அக்கா. கிடப்பதைப் பாருங்கள்."

கூலி பேசினார்கள். வெள்ளீயத்தின் விலை ஏறிவிட்டது என்று அவர் சொன்னார். வீட்டில் எல்லாமே ஏறிவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னார். கடைசியில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உஸ்தா பாத்திரத்தின் கைப்பிடியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, குவியலின் மேல் அதை வைத்தார். பிறகு அடுத்த பாத்திரத்தை இடுக்கியில் பிடித்தார்.