வெட்டி ஒட்டிய குரல்கள்

நம் துறை மாணவி ஒருவர் சென்ற ஆண்டு ஓர் இசைத்தொகுப்பைக் கேட்கத் தந்தார். பிரையன் ஈனோ, டேவிட் பைர்ன் என்னும் இருவர் இணைந்து 1981இல் வெளியிட்ட 'மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' அது. 'ஆம்பியன்ட்' எனப்படும் சூழலிசையை 1978இல் விமான நிலையங்களுக்கென ஒரு தொகுப்பாகவே அமைத்தவர் ஈனோ.

இத்தொகுப்பில் இருவரும் பாடவில்லை. வானொலியில் ஒலித்த பாதிரியாரின் பிரசங்கம், பேயோட்டுபவரின் குரல், லெபனான் மலைநாட்டுப் பாடகி துன்யா யூனிஸின் பழைய ஒலிப்பதிவு ஆகியவற்றை வெட்டியெடுத்துத் தாளத்தின்மேல் பொருத்தினர். இரண்டு நாடாக் கருவிகளை ஒருசேர ஓடவிட்டு, இசைவு கிட்டும்வரை மீண்டும் மீண்டும் முயன்ற உழைப்பு அது. வியந்து கேட்டோம் என்பதை மறைப்பானேன்!

முதற்பதிப்பில் அல்ஜீரிய முஸ்லிம்கள் ஓதிய குர்ஆனும் இவ்வாறே இசையோடு கலக்கப்பட்டிருந்தது. பிரிட்டனிலிருந்த முஸ்லிம் அமைப்பொன்று வருந்தி முறையிட்டது. இருவரும் வாதாடவில்லை, அதனை நீக்கிப் பிந்திய பதிப்பில் வேறோர் இசையை வைத்தனர். 2006இல் வந்த மறுபதிப்பிலும் அது இடம்பெறவில்லை.

அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியுண்டா என்பது வேறு செய்தி.

எம்.ஃபில். ஆய்வுக்காக முஸ்லிம் பெண்களின் தாலாட்டுகளைத் தொகுத்த நாளில், உறவுமுறையில் நன்னியாகும் மூதாட்டி ஒருவரின் பாட்டைக் கேசட்டில் பதிந்தோம். பின்னர் ஒரு விழாவுக்காக அதனைச் சுருக்கினோம். இருமல் போயிற்று. இடையில் பேரனை அதட்டியது போயிற்று. தொடக்கத்தில் அவர் சொன்ன பிஸ்மியும் ஸலவாத்தும் போயின. எஞ்சிய நான்கு வரிகளுக்குக் கீழே மாணவர் ஒருவர் கீபோர்டு வாசித்தார். அரங்கம் கைதட்டிற்று.

அந்த மகிழ்ச்சியோடு நன்னியின் வீட்டுக்குச் சென்று போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார்.

"ஏம்மா, நான் பிஸ்மி சொல்லித்தானே ஆரம்பிச்சேன்?"

நேரம் போதவில்லை என்று ஏதோ சொன்னோம். பாட்டு நன்றாயிருந்ததா என வினவியதற்கு விடையில்லை. தேநீர் போட எழுந்து சென்றார். அதன்பின் நாம் எத்தனையோ முறை சென்றும் அவர் நமக்காகப் பாடவில்லை.

விழா நாடாவை யாருக்கும் மீண்டும் போட்டுக் காட்டியதில்லை. வெட்டாத மூல நாடா நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற மாதம் அதனை அந்த மாணவியிடம் கேட்கக் கொடுத்தோம். இருமல் வந்த இடத்தில் சிரித்தார். பிஸ்மி வந்தபோது தாமும் மெல்ல உடன் சொன்னார்.