அச்சு பிணைக்கிற வேலை

எங்கள் குமாரபாளையத்தில் 'அச்சு' என்றால் இரண்டு அர்த்தம். தறிக்காரரிடம் கேட்டால், பாவு நூலை வரிசை கலையாமல் பிரித்து நிறுத்துகிற சீப்பு மாதிரியான சாமானைக் காட்டுவார். பிரஸ்காரரிடம் கேட்டால், கல்யாணப் பத்திரிகை சாம்பிள் ஆல்பத்தை நீட்டுவார். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இரண்டு அச்சிலும் கடன் உண்டு. தறி ஓட்டிய அப்புச்சியின் காசில் படித்தேன். அச்சில் வருகிற காசில் சாப்பிடுகிறேன். (வந்தால்!)

அந்த அப்புச்சி, குழித்தறிக் காலத்திலிருந்து விசைத்தறி வந்த காலம் வரைக்கும் தன் கதையை நாற்பது பக்கம் எழுதி, 2003-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கினார். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. பத்துப் பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர் காலமான பிறகு, வருஷத் திதிக்கு மறுபடி அச்சடிக்கலாம் என்று தேடினால், ஒரு பிரதிகூட முழுசாக இல்லை. கறையான் தின்றது பாதி. சித்தி வீட்டில் வடையின் எண்ணெய் ஒற்றியது மீதி. கையெழுத்து நோட்டும் போன இடம் தெரியவில்லை.

நல்லவேளை, சி.டி. இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால்... ஆங்கில எழுத்து, டாலர், ஆச்சரியக்குறி எல்லாம் கலந்த கூட்டுப் பொரியல்!

காரணம் இதுதான். அந்தக் காலத்து ஃபான்ட்டில் மொத்தம் 256 பெட்டிகள். சில ஃபான்ட்டில் அதில் பாதி ஆங்கிலத்துக்கு. நம்முடைய 247 எழுத்துகளைக் கொம்பு, கால், சுழி என்று துண்டு போட்டு, கிடைத்த பெட்டிகளில் திணித்தார்கள். ஒருத்தர் 'க' வைத்த பெட்டியில் இன்னொருத்தர் 'ற' வைத்தார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று பொது வரிசைகளை அறிவித்தது. அதற்குள் ஊருக்கு நாலு ஃபான்ட் குடியேறிவிட்டது. பிறகு யூனிகோட் புழக்கத்துக்கு வந்து, உலகம் முழுக்க 'க'வுக்கு ஒரே முகவரி கிடைத்தது.

சி.டி.யிலேயே ஃபான்ட்டும் இருந்தது. அதை ஏற்றியதும் தமிழ் தெரிந்தது. ஆனால் சில எழுத்துகளைக் காணோம். அவை உட்கார்ந்திருந்த பெட்டிகளைப் புது மென்பொருள் காலி இடம் என்று நினைத்துக்கொள்கிறதாம். செல்போனுக்கு அனுப்பினால் பழையபடி பொரியல். எழுத்து மாற்றித் தருகிற கன்வெர்ட்டர்களுக்கும் இந்த ஃபான்ட் அறிமுகம் இல்லை. டி.டி.பி. அண்ணன், "ஏனுங்க தம்பி, அந்த ஃபான்ட் போட்டவரு எப்பவோ கடையைக் கட்டிட்டாருங்க" என்று கையை விரித்தார்.

எழுத்தைச் செய்த பட்டறைக்கே போனால்தான் உண்டு. அந்தப் பட்டறைகளின் கதையைக் கேளுங்கள். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஜேம்ஸ் வான் எர் என்பவரின் ஆல்ட்சிஸ் கம்பெனி, ஃபான்டோகிராஃபர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. மேஜையில் உட்கார்ந்தபடி யாரும் எழுத்து வடிக்கலாம் என்று ஆனது. 1995-ல் அந்தக் கம்பெனியை மேக்ரோமீடியா வாங்கியது. 1996-ல் வந்த 4.1 பதிப்போடு ஃபான்டோகிராஃபர் படுத்துவிட்டது. 2005-ல் ஃபான்ட்லேப் என்ற நிறுவனம் உரிமையை வாங்கித் தட்டி எழுப்பியது; 2010-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. நடுவில் ஒன்பது வருஷம் சாவி முதலாளி இடுப்பில். பூட்டைத் தொட யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பட்டறை ஃபான்ட்ஃபோர்ஜ். ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் 2000-ல் வேறு பெயரில் வெளியிட்டு, 2004-ல் இந்தப் பெயர் வைத்தார். இலவசம், உள்ளே இருக்கிற நிரலும் எல்லோருக்கும் திறந்த வீடு. பல வருஷம் உழைத்துவிட்டு அவர் ஒதுங்கியபோது, முன்பின் பார்த்துக்கொள்ளாத ஆட்கள் சேர்ந்து வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரருக்கு இது சட்டென்று புரியும். தறி செய்த கம்பெனி மூடினால் தறியை யாரும் காயலான் கடையில் போடுவதில்லை. உடைந்த சாமானை லேத்துப் பட்டறையில் கொடுத்தால் அதே அளவில் கடைந்து தருவார். திறந்து பார்க்க முடிகிற எந்தச் சாமானுக்கும் ஆயுசு கெட்டி.

இன்ஜினீயரிங் படிக்கிற அக்கா மகன் ஃபான்ட்ஃபோர்ஜில் அப்புச்சியின் ஃபான்ட்டைத் திறந்தான். "மாமா, இங்க பாருங்க!" அத்தனை பெட்டிகளும், உள்ளே எழுத்துகளும் வரிசையாக நின்றன. எந்தப் பெட்டியில் எது என்று நான் நோட்டில் குறிக்க (பேரேடு எழுதப் படித்தது வீண் போகவில்லை!), அவன் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினான். பழைய ஃபான்ட்டில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். அதைப் பின்னால் தள்ளிவிடத் தனி வேலை. இரண்டு ராத்திரி ஆச்சு.

பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழை நுனியோடு முடிச்சுப் போடுவார்கள். அதற்குப் பேர் அச்சு பிணைத்தல். அப்புச்சி முப்பது வருஷம் அதைச் செய்ததாகப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உங்கள் பீரோவிலும் இப்படி ஒரு சி.டி. கிடக்கலாம். கறையான் தின்னாது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃபான்ட் கூடவே இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். முடிச்சுப் போடப் பழைய இழை கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும்!